புரதத்தின் நியூட்ரான் தரவில் கோளாறா? முதலில் ஹைட்ரஜனைத் தேடுங்கள்

நெல்லைச் சீமையிலிருந்து புரதச் சாம்பிளோடு மும்பை டிராம்பேயில் உள்ள துருவா ஆராய்ச்சி உலைக்கோ வெளிநாட்டு மையங்களுக்கோ போய்வரும் ஆய்வு மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். கற்றை நேரம், அதாவது நியூட்ரான் கற்றையில் அளக்க ஒதுக்கப்படும் நாட்கள், கிடைப்பதே கஷ்டம். கிடைத்த சில நாட்களில் அளந்து முடித்து, அபிஷேகப்பட்டிக்கோ பாளையங்கோட்டைக்கோ திரும்பி வந்து கணினியில் விரித்துப் பார்க்கும்போதுதான் வளைவு கோணலாக இருப்பது கண்ணில் படும். உடனே மாடலை மாற்றி மாற்றி ஃபிட் போட ஆரம்பிப்போம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சாம்பிளில் ஹைட்ரஜன் எங்கெங்கே இருந்தது, எவ்வளவு இருந்தது?

ஏன் இப்படி ஹைட்ரஜனையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்பதற்கு எண்களே பதில். நியூட்ரானுக்கு ஹைட்ரஜன் அணுவின் சிதறல் குறுக்குப்பரப்பு, அதாவது அது நியூட்ரானை எவ்வளவு சிதறடிக்கும் என்ற அளவு, சுமார் 82 பார்ன். அதில் 80 பார்ன் ஓரியலற்ற சிதறல்: அணுக்களின் அடுக்கைக் காட்டாமல் தனித்தனி அணுவின் அசைவை மட்டும் காட்டுவது. கனநீரில் இருக்கும் கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்துக்கு மொத்தமே 7.6 பார்ன். கார்பனுக்கு 5.6, ஆக்சிஜனுக்கு 4.2. ஆக, எந்தச் சாம்பிளை வைத்தாலும் டிடெக்டரில் சத்தம் போடுவது ஹைட்ரஜன்தான். சிறுகோணச் சிதறலில் புரதத்தின் வடிவத்தை அளக்கும்போது கரைப்பானின் ஹைட்ரஜன் நமக்குத் தொல்லை. சிதறிய நியூட்ரானின் ஆற்றல் பீக் எவ்வளவு அகலமாகிறது என்று பார்த்து அசைவை அளக்கும் க்வென்ஸ் சோதனையிலோ புரதத்தின் ஹைட்ரஜன்தான் நமக்கு வேண்டிய சிக்னல். நீரின் ஹைட்ரஜன்தான் தொல்லை. எந்தச் சோதனையில் எந்த ஹைட்ரஜன் வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாகிவிட்டால் கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் தானே பிடிபடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், புதிதாக வரும் மாணவர்கள் கேட்கிற கேள்வி: "கூடங்குளம் பக்கத்துலதான இருக்கு, அங்க அளக்க முடியாதா?" நியாயமான கேள்வி. கூடங்குளத்து உலைகள் ஒவ்வொன்றும் 1000 மெகாவாட் மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டப்பட்டவை. நியூட்ரானைக் கற்றையாக வெளியே கொண்டுவரும் குழாய்கள் அவற்றில் இல்லை. 1985இல் இயங்கத் தொடங்கிய துருவா 100 மெகாவாட் வெப்பத் திறன் கொண்ட ஆராய்ச்சி உலை. கற்றைக் குழாய்களும் அவற்றின் முனையில் கருவிகளும் உண்டு. கல்பாக்கத்தில் உள்ள காமினி 30 கிலோவாட் உலை. நியூட்ரான் படமெடுப்பதற்கு அருமையானது, ஆனால் புரத அசைவை அளக்க அந்த நியூட்ரான் செறிவு போதாது. 1950களில் கனடாவில் நியூட்ரான் சிதறல் ஆய்வாளர் பிராக்ஹவுஸுடன் வேலை செய்துவிட்டு வந்த இயற்பியலாளர் பி.கே. ஐயங்கார் டிராம்பேயில் வளர்த்தெடுத்த மரபு இது. அந்த பிராக்ஹவுஸுக்குத்தான் 1994இல் ஷல்லோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. பல்கலைக்கழக மாணவர்கள் துருவாவில் அளப்பதற்கு பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பின் மும்பை மையம் வழி செய்கிறது.

சரி, கோளாறுகளுக்கு வருவோம். முட்டை வெள்ளைக்கருவிலிருந்து கிடைக்கும் லைசோசைமை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். விலை குறைவு, தாராளமாகக் கிடைக்கும், பெரும்பாலோர் தொடங்குவதும் அதில்தான்.

உயர் க்யூவில் பேக்ரவுண்டு ஏறிக் கிடக்கிறது, சிக்னல் தெரியவில்லை

சிறுகோணச் சிதறலில் அதிகம் வரும் புகார் இது. க்யூ என்பது நியூட்ரான் எவ்வளவு திரும்பிச் சிதறியது என்பதன் அளவு, அலகு தலைகீழ் ஆங்ஸ்ட்ராம். வளைவு ஓரளவு இறங்கிவிட்டு, 0.1 தலைகீழ் ஆங்ஸ்ட்ராமுக்கு அப்புறம் பலகை போட்டதுபோல் தட்டையாகிவிடும். மாணவர் சொல்வார்: "கனநீர்லதான் கரைச்சேன் அண்ணே." உண்மையாகவே கரைத்திருப்பார். ஆனால் கரைசலில் வேறு என்னென்ன இருந்தது?

புரதத்தை அவிழ்ப்பதற்காக யூரியாவோ குவானிடின் ஹைட்ரோகுளோரைடோ போட்டிருந்தால் அங்கே முதலில் பாருங்கள். யூரியா மூலக்கூறு ஒன்றில் 4 ஹைட்ரஜன். 8 மோலார் யூரியாவில் லிட்டருக்கு 32 மோல் ஹைட்ரஜன். குவானிடின் ஹைட்ரோகுளோரைடில் 6. 6 மோலாரில் 36 மோல். சாதாரண நீரே லிட்டருக்கு 111 மோல் ஹைட்ரஜன்தான் வைத்திருக்கிறது. அதாவது கனநீரில் கரைத்ததாக நினைத்துக்கொண்டு, சாதாரண நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டே ஹைட்ரஜனை நாமே கரண்டியால் அள்ளிப் போட்டிருக்கிறோம். மடிந்த நிலைக்கும் அவிழ்ந்த நிலைக்கும் வளைவை ஒப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். டினேச்சுரன்ட், அதாவது அவிழ்ப்பதற்குப் போடும் பொருள், கூடக் கூட பேக்ரவுண்டும் கூடும், அதைப் புரதம் அவிழ்வதாகப் படிக்கும் அபாயம் உண்டு.

இதைச் சரிசெய்ய, யூரியாவைக் கனநீரில் கரைத்து, உலர்த்தி, மறுபடி கரைத்து மறுபடி உலர்த்துங்கள். அதன் நைட்ரஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன்கள் எல்லாமே டியூட்டீரியமாக மாறிவிடும். குவானிடினுக்கும் அதே வழி. டிரிஸ் பஃபர், கிளிசரால் போன்றவற்றில் கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜனும் உண்டு. அது இப்படி மாறாது. முடிந்தால் பாஸ்பேட் பஃபருக்குப் போய்விடுங்கள்.

சாம்பிளுக்குள் ஹைட்ரஜன் நுழைந்துவிட்டதா என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்கெல்லாம் வேண்டாம், சாம்பிளைத் தாண்டி நேராக வரும் நியூட்ரான் எத்தனை சதவீதம் என்ற கடத்தல் அளவீடே காட்டிக்கொடுக்கும். 1 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் செல்லில் சாதாரண நீர் 6 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரானில் ஏறக்குறைய பாதியைத்தான் கடத்தும். கனநீர் 90 சதவீதத்துக்கு மேல் கடத்தும். கனநீர் என்று லேபிள் ஒட்டிய சாம்பிள் 75 என்று காட்டினால், லேபிளை நம்பாதீர்கள், கடத்தலை நம்புங்கள். கருவியறையில் சாம்பிள் ஏற்றியதும் முதலில் இதைப் பார்த்துவிட்டால், அளந்து முடித்த பிறகு ஊரில் வந்து அழ வேண்டியதில்லை.

அப்புறம் கனநீர் பாட்டில். இதை நம் ஊர்க்காரர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் 1978 முதல் கனநீர் ஆலை இருந்தது. 1986 வரை தூத்துக்குடியும் நெல்லை மாவட்டம்தான். கனநீர் என்பது நமக்குக் காதில் புதிய பெயர் இல்லை. ஆனால் கையாள்வதில் அலட்சியம் உண்டு. கனநீர் காற்றில் உள்ள ஈரத்தோடு சளைக்காமல் பரிமாறிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆய்வக ஜன்னல் திறந்திருக்க, சாம்பிளைப் பைக்குள் வைத்துக் கனநீர் பஃபருக்கு மாற்றும் டயாலிசிஸ் பீக்கரை மூடாமல் இரவு முழுக்கக் கலக்கியில் வைத்தால், காலையில் இருப்பது நேற்று ஊற்றிய திரவம் அல்ல. தென்காசிப் பக்கத்துக் கல்லூரிகளுக்குச் சாரல் காலத்திலும் இதே கதைதான். பீக்கரின் வாயைப் பாராஃபிலிமால் இரண்டு சுற்று இழுத்துக் கட்டுங்கள், விளிம்பில் சுருக்கம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுருக்கம் இருக்கும் இடம்தான் காற்று நுழையும் இடம். பெரிய பாட்டிலாக வாங்கித் திறந்து திறந்து மூடுவதைவிடச் சின்ன ஆம்பூல்களாக வாங்குவது விலை கூடுதலானாலும் நல்லது. டயாலிசிஸ் முடிந்ததும் பைக்கு வெளியே உள்ள திரவத்தையே பிளாங்காக, அதாவது புரதமில்லாத ஒப்பீட்டுச் சாம்பிளாக, எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகக் கலந்த பஃபர், எவ்வளவு கவனமாகக் கலந்தாலும் பிளாங்குக்கு உதவாது.

தாழ் க்யூவில் வளைவு மேலே எகிறுகிறது, அல்லது கீழே வளைகிறது

மேலே எகிறினால் திரட்சி. புரத மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய கட்டிகள் உருவாகியிருக்கின்றன. சாதாரண நீரில் அழகாக இருந்த சாம்பிள் கனநீருக்குப் போனதும் திரள்வது சகஜம். லைசோசைமுக்கே கனநீரில் கரைதிறன் குறைவு. பி.டி. (கனநீரில் பி.எச்.சின் இடத்தில் வரும் அளவு) கணக்கையும் சரிபாருங்கள்: கனநீரில் கண்ணாடி எலெக்ட்ரோடு மீட்டர் காட்டும் எண்ணோடு 0.4 கூட்டினால்தான் உண்மையான பி.டி. கிடைக்கும். மீட்டரில் 7 வரும்வரை சரிசெய்தவர் உண்மையில் 7.4இல் நிற்கிறார். ஐசோஎலெக்ட்ரிக் புள்ளிக்கு (மொத்த மின்னூட்டம் பூஜ்யமாகும் பி.எச்.) பக்கத்தில் வேலை செய்யும் புரதமானால் இந்த 0.4 திரட்சியையே கிளப்பிவிடும். அளப்பதற்குச் சற்று முன்னால் மையவிலக்கில் சுற்றி மேலே உள்ள தெளிவை மட்டும் எடுங்கள். கிளம்புவதற்கு முன் ஊரிலேயே ஒளிச்சிதறல் கருவியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்; கனநீர் பஃபரிலேயே பார்க்க வேண்டும், சாதாரண நீரில் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்ளக் கூடாது.

கீழே வளைந்தால் அது மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளுவது. லைசோசைம் பி.எச். 11 வரை நேர்மின்னூட்டத்தோடு இருப்பதால் உப்பில்லாத கரைசலில் இது வந்தே தீரும். 100 முதல் 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு போட்டால் அடங்கும். அடங்காவிட்டால் 2, 5, 10 மில்லிகிராம் என்று செறிவை மாற்றி அளந்து, பூஜ்யச் செறிவுக்கு நீட்டிப் பாருங்கள்.

இரண்டும் ஒன்றாக நடந்து ஒன்றையொன்று மறைப்பதும் உண்டு. நேர்க்கோடு வந்துவிட்டதே என்று ஒரே செறிவோடு நிறுத்திவிடாதீர்கள்.

அவிழ்ந்த புரதத்தின் சுழற்சி ஆரம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை

சுழற்சி ஆரம் என்பது மூலக்கூறு எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பதன் அளவு. அதை எடுக்க, தாழ் க்யூவில் சிதறல் செறிவின் லாகரிதத்தைக் க்யூ வர்க்கத்துக்கு எதிராக வரைந்து கினியர் கோடு போடும்போது, க்யூவையும் ஆரத்தையும் பெருக்கினால் 1.3ஐத் தாண்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். மடிந்த லைசோசைமுக்கு ஆரம் சுமார் 15 ஆங்ஸ்ட்ராம், 0.087 வரை போகலாம். அவிழ்ந்த சங்கிலிக்கு ஆரம் 35 ஆனால் 0.037இலேயே நிற்க வேண்டும். ஒரே புரதம்தானே என்று இரண்டுக்கும் ஒரே எல்லையைப் போட்டுவிடுவதால், அவிழ்ந்த நிலைக்கு ஆரம் குறைந்து வந்துவிடும். அந்தக் குறுகிய எல்லைக்குள் போதுமான புள்ளிகள் இல்லையென்றால் கருவியின் டிடெக்டர் தூரத்தைக் கூட்டி அளந்திருக்க வேண்டும். ஃபிட்டில் அதை ஈடுகட்ட முடியாது.

எல்லை சரி, இன்னமும் ஆரம் குறைவு என்றால் சங்கிலியின் இரண்டு இடங்களைக் கந்தகத்தால் கட்டும் டைசல்ஃபைடு பிணைப்பை நினைத்துப் பாருங்கள். லைசோசைமில் 129 அமினோ அமிலங்கள், 4 டைசல்ஃபைடுகள். முழுமையாக அவிழ்ந்த சங்கிலிக்கு 2004இல் கோனும் உடன் பணியாற்றியவர்களும் தந்த சூத்திரம் இருக்கிறது: அமினோ அமில எண்ணிக்கையை 0.598 அடுக்குக்கு ஏற்றி 1.93ஆல் பெருக்க வேண்டும். 129க்கு அது சுமார் 35 ஆங்ஸ்ட்ராம். ஆனால் டைசல்ஃபைடுகளை வெட்டாமல் டினேச்சுரன்ட் மட்டும் போட்டால் சங்கிலி நாலு இடத்தில் முடிச்சுப் போட்டபடியே இருக்கும், அந்த 35ஐ எட்டவே எட்டாது. அவற்றை வெட்டும் டி.டி.டி. என்ற வேதிப்பொருளைச் சேர்த்து வெட்டினீர்களா இல்லையா என்பதைக் குறிப்பேட்டில் தேடுங்கள். இரண்டுமே செல்லுபடியாகும் சோதனைகள்தான், ஆனால் அளப்பது வெவ்வேறு பொருளை.

பாதி அவிழ்ந்த இடத்தில் ஆரம் 27 ஆங்ஸ்ட்ராம் வந்து, இடைநிலை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்ச்சியோடு எழுதி அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 15 உள்ளவை பாதி, 35 உள்ளவை பாதி என்று கலந்திருந்தாலே வர்க்கச் சராசரி 27 தந்துவிடும். சிதறல் காட்டுவது கூட்டத்தின் சராசரியை. அது இடைநிலையா வெறும் கலவையா என்று தீர்மானிக்க, செறிவைக் க்யூ வர்க்கத்தால் பெருக்கி வரையும் கிராட்கி வரைபடத்தின் வடிவத்தையும், டிரிப்டோஃபான் ஒளிர்வு அல்லது வட்ட இருநிறத்தன்மை அளவீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா வளைவுகளும் முதல் வளைவையும் கடைசி வளைவையும் வெவ்வேறு விகிதத்தில் கூட்டினால் வந்துவிடுகின்றன என்றால், இடைநிலை என்று பேச இடமில்லை.

க்வென்ஸில் பீக் அகலமாகவே இல்லை

"அண்ணே, பீக் அசையவே மாட்டேங்கு. வனேடியம் மாதிரியே இருக்கு."

"எடை போட்டியா தம்பி?"

இந்தப் பேச்சு எனக்குப் பழகிப்போனது. வனேடியம் என்பது அசைவு தெரியாத ஒப்பீட்டுச் சாம்பிள். உலர்ந்த புரதம் கிட்டத்தட்ட அசையாது. பக்கக்கிளைகளில் மெத்தில் சுழற்சி மட்டும் இருக்கும். புரதம் பிகோ விநாடி, நானோ விநாடி அளவில் தாராளமாக அசைய வேண்டுமானால் ஒரு கிராம் புரதத்துக்கு 0.3 முதல் 0.4 கிராம் வரை நீர் ஒட்டியிருக்க வேண்டும். சாம்பிள் கனநீராவியில் வைக்கப்பட்டதா, எத்தனை நாள், எடை ஏறி நின்றதா என்பதுதான் முதல் கேள்வி. வெப்பநிலை இரண்டாவது கேள்வி.

இரண்டும் சரியென்றால் கருவியின் பகுதிறன், அதாவது எவ்வளவு சின்ன ஆற்றல் மாற்றத்தை அது பிரித்துப் பார்க்கும் என்பது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அதிகம் வீணாகும் கற்றை நேரம் இங்கேதான். கோரையைப் பொடியாகக் கிழித்தால்தான் பத்தமடைப் பட்டுப்பாயில் நுண்ணிய பூவேலை வரும். தடித்த கோரையை வைத்து எவ்வளவு கைதேர்ந்தவர் நெய்தாலும் வராது. பகுதிறன் அந்தக் கோரையின் பருமன்.

0.66ஐ மில்லி எலெக்ட்ரான்வோல்ட்டில் சொன்ன பகுதிறனால் வகுத்தால் அந்தக் கருவி எந்தக் காலஅளவு அசைவைப் பார்க்கும் என்று பிகோ விநாடியில் கிடைத்துவிடும். துருவாவின் க்வென்ஸ் கருவியின் பகுதிறன் சுமார் 200 மைக்ரோ எலெக்ட்ரான்வோல்ட், அதாவது 0.2 மில்லி. வகுத்தால் சுமார் 3 பிகோ விநாடி. இங்கிலாந்தின் ஐசிஸ் நியூட்ரான் மையத்தில் உள்ள ஐரிஸ் கருவிக்கு 17.5 மைக்ரோ, சில பத்து பிகோ விநாடி. பிரான்சில் கிரெனோபிள் நகரத்து ஐ.என்.16பி. கருவிக்கு 1 மைக்ரோவுக்கும் கீழே. கிட்டத்தட்ட 1 நானோ விநாடி.

இப்போது கரைசலில் உள்ள லைசோசைமை எடுத்துக்கொள்ளுங்கள். அது முழுசாக நகரும் விரவல் குணகம் சாதாரண நீரில், அறை வெப்பநிலையில் நானோ விநாடிக்குச் சுமார் 11 சதுர ஆங்ஸ்ட்ராம். கனநீர் இன்னும் பிசுபிசுப்பானது, அதில் 9 என்று வையுங்கள். க்யூ 1 ஆக இருக்கும் இடத்தில் இது தரும் அகலம் 6 மைக்ரோ எலெக்ட்ரான்வோல்ட். 200 மைக்ரோ பகுதிறனுக்குள் இந்த 6 எங்கே தெரியும்? துருவாவில் இந்த அசைவு தெரியாமல் போனது சாம்பிளின் குற்றமும் இல்லை, கருவியின் குற்றமும் இல்லை. நீரேற்றிய பொடியில் பக்கக்கிளைகளின் வேகமான அசைவுகளையும், புரதத்தைச் சுற்றிய நீரின் அசைவையும் அங்கே நன்றாகப் பார்க்கலாம். கேள்வியைக் கருவிக்குத் தகுந்தபடி அமையுங்கள். விண்ணப்பம் எழுதும்போதே இந்த ஒற்றை வகுத்தலைச் செய்துவிட்டால் போதும்.

பீக் அளவுக்கு மீறி அகலமாக இருக்கிறது

இது மேலே சொன்னதற்கு நேர்மாறு. பார்க்க அழகாக இருக்கும், அதனாலேயே ஆபத்தானது. புரதம் துள்ளுவதாகத் தோன்றும். பெரும்பாலும் துள்ளுவது சாதாரண நீர்.

புரதத்தில் உள்ள ஹைட்ரஜன்களில் ஏறக்குறைய கால்வாசி, நைட்ரஜனோடும் ஆக்சிஜனோடும் ஒட்டியவை. அவை நீரோடு பரிமாறிக்கொள்ளும். அவற்றை முன்கூட்டியே டியூட்டீரியமாக மாற்றாமல், வாங்கிய பொடியை அப்படியே கனநீராவியில் வைத்தால், அந்த ஹைட்ரஜன்கள் வெளியே வந்து நீரில் கலக்கும். நாம் கனநீர் ஏற்றியதாக நினைப்போம், ஒட்டியிருப்பதோ கலப்பு நீர். அதனால் முதலில் புரதத்தைக் கனநீரில் கரைத்து, சில மணி நேரம் வைத்து, உறைய வைத்து உலர்த்துங்கள். இதைக் குறைந்தது இரண்டு தடவை செய்யுங்கள். மடிப்பின் நடுவில் புதைந்திருக்கும் அமைடு ஹைட்ரஜன்கள் பிடிவாதக்காரர்கள். உருகும் வெப்பநிலைக்குப் பாதுகாப்பான தூரத்தில் மிதமாகச் சூடாக்கி வைத்தால் அவையும் வழிக்கு வரும். லைசோசைம் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும் என்பதால் அதில் இதற்குத் தாராளமாக இடமிருக்கிறது. எல்லாப் புரதத்திலும் அப்படி இருக்காது.

உலர்த்திய பொடியை எடுத்து வைக்கும் நிமிடம் முக்கியம். உறைய வைத்து உலர்த்தும் லயோஃபிலைசரிலிருந்து குடுவையைக் கழற்றியதும் பொடி பஞ்சுபோல் உப்பி நிற்கும், தட்டினால் பறக்கும். அந்த நிலையில் அதன் பரப்பு மிகப் பெரியது. காற்றின் ஈரத்தை அது உடனே இழுக்கத் தொடங்கிவிடும். தராசில் வைத்துப் பாருங்கள்: கடைசி இலக்கம் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். அந்த ஏற்றம் முழுக்கச் சாதாரண நீர். உலர் நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டி இருந்தால் நல்லது. இல்லாத கல்லூரிகளில் குடுவைக்குள் உலர் நைட்ரஜனை நிரப்பிய பிறகு கழற்றி, சட்டென்று குப்பியில் போட்டு மூடி, மூடியைச் சுற்றிப் பாராஃபிலிம் கட்டி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வையுங்கள்.

ஊரிலேயே நீரேற்றிக் கொண்டுபோக வேண்டாம். நாகர்கோவில்–மும்பை ரயிலில் சித்திரை வெயிலில் போகும் பெட்டிக்குள் சாம்பிள் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். நீர் ஒரு பக்கம் ஆவியாகி மூடியில் படியும், பொடி ஒரு பக்கம் நனைந்து ஒரு பக்கம் காய்ந்து போகும். உலர்ந்த பொடியாகக் கொண்டுபோய், அங்கே கனநீராவியில் வைத்து, எடை பார்த்து, உடனே அலுமினியச் செல்லில் அடையுங்கள். 100 மில்லிகிராம் உலர்பொடி 140 ஆகும்போது நீரேற்றம் 0.4.

செல்லின் எடை சோதனைக்குப் பிறகு குறைந்திருக்கிறது

செல்லின் மூடியை அடைக்கும் இண்டியம் கம்பி சரியாக உட்காரவில்லை. கம்பியின் இரு முனையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும், திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வெற்றிடத்தில் வைத்து ஒரு தடவை எடை பார்த்த பிறகுதான் குளிரூட்டும் க்ரையோஸ்டாட்டுக்குள் விட வேண்டும். குறைந்த எடை எப்போது குறைந்தது என்று தெரியாவிட்டால், அந்த ஓட்டம் முழுவதிலும் நீரேற்றம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. குளோரைடு அதிகமுள்ள கரைசல் அலுமினியத்தை அரிக்கும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

வெப்பநிலை ஏற்றும்போது மீட்சிச் செறிவு தப்பான இடத்தில் உடைகிறது

மீட்சிச் செறிவு என்பது ஆற்றல் மாறாமல் சிதறிய நியூட்ரான்களின் அளவு, அணுக்கள் அசைய அசைய அது குறையும். 1989இல் டோஸ்டர், குசாக், பெட்ரி மூவரும் நீரேற்றிய மயோகுளோபினில் 180 கெல்வினுக்கு மேல் அணுக்களின் சராசரி வர்க்க இடப்பெயர்ச்சி திடீரென்று ஏறுவதைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு இந்த ஸ்கேன் செய்யாத புரதம் குறைவு. உடையும் இடம் கருவியின் பகுதிறனைப் பொறுத்து 180 முதல் 240 கெல்வின் வரை நகரும். அதனால் இரண்டு கருவிகளின் எண்கள் ஒத்துப்போகவில்லை என்று கலங்க வேண்டாம்.

100 முதல் 150 கெல்வினில் உடைந்தால் அது மெத்தில் சுழற்சி. உலர்ந்த சாம்பிளிலும் வரும்.

277 கெல்வினுக்குப் பக்கத்தில் செங்குத்தாக இறங்கினால் அது புரதமே இல்லை, பனிக்கட்டி. கனநீர் உருகுவது 3.8 டிகிரி செல்சியஸில், அதாவது 277 கெல்வினில். புரதத்தோடு ஒட்டியது போக மிஞ்சிய நீர் தனியாக உறைந்திருக்கிறது என்று பொருள். உறுதிசெய்ய, குறைந்த வெப்பநிலையில் க்யூ 1.6 முதல் 1.8 வரை உள்ள டிடெக்டர்களைப் பாருங்கள். பனிக்கட்டியின் கூர்மையான பீக்குகள் அங்கே நிற்கும். நீரேற்றத்தை 0.4க்குக் கீழே கொண்டுவந்து மறுபடி அளக்க வேண்டும். 273 கெல்வினில் இறங்கினால் இன்னும் வருத்தமான செய்தி: உறைந்தது சாதாரண நீர்.

இடப்பெயர்ச்சி மதிப்பு மற்றவர்கள் சொல்வதைப்போல் சரியாக இரண்டு மடங்கு

சரியாக இரண்டு மடங்கோ சரியாகப் பாதியோ வந்தால் சாம்பிளைத் தொடாதீர்கள். சிலர் மீட்சிச் செறிவின் லாகரிதத்தைக் க்யூ வர்க்கத்துக்கு எதிராக வரைந்து, சாய்வை 3ஆல் பெருக்குவார்கள். சிலர் 6ஆல் பெருக்குவார்கள். இரண்டும் புழக்கத்தில் உள்ளன. ஒப்பிடும் கட்டுரை எதைப் பயன்படுத்தியது என்று அதன் சமன்பாட்டில் பாருங்கள், உங்கள் கட்டுரையிலும் எழுதிவிடுங்கள்.

அந்தக் கோடு க்யூ பூஜ்யத்தில் 1க்கு வராமல் கீழே வெட்டினால் பல்முறைச் சிதறல். சாம்பிள் தடிமன் அதிகம். 90 சதவீதம் கடத்தும் அளவுக்கு மெலிதாகப் பரப்ப வேண்டும்.

இ.ஐ.எஸ்.எஃப். நடுவில் மேடு காட்டுகிறது

இ.ஐ.எஸ்.எஃப். என்பது ஓரியலற்ற சிதறலில் ஆற்றல் மாறாமல் வரும் பங்கு. அணு எந்த வடிவ வெளிக்குள் அசைகிறது என்பதை இந்த அளவு சொல்லும். க்யூ ஏற ஏற அது வழுவழுப்பாக இறங்க வேண்டும். க்யூ 2க்குப் பக்கத்தில் மேடு தெரிந்தால் அது கனநீரின் ஓரியல் சிதறல் (அணுக்களின் அடுக்கைக் காட்டுவது), 1.4க்குப் பக்கத்தில் என்றால் புரதத்தின் உள்ளமைப்பே. நாம் போடும் கோளத்துக்குள் விரவல் மாடலும் மூன்றிடத் தாவல் மாடலும் ஓரியலற்ற சிதறலுக்கானவை, அவற்றால் இந்த மேட்டை விளக்க முடியாது. அந்தப் புள்ளிகளை விலக்கி ஃபிட் போடுங்கள், விலக்கியதைச் சொல்லுங்கள். அலுமினியச் செல்லைச் சந்தேகிக்கிறவர்களுக்கு: அலைநீளம் 4.7 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் என்றால் அலுமினியம் பிராக் பீக் தராது.

இ.ஐ.எஸ்.எஃப். எந்த க்யூவிலும் 0.7, 0.8க்குக் கீழே வராவிட்டால், அணுக்களில் ஒரு பங்கு அந்தக் கருவியின் காலஅளவில் அசையாமல் இருக்கிறது. ஃபிட்டில் அசையாத பங்கு என்று தனியாக ஓர் எண் வையுங்கள். அதை வைக்காமல் ஃபிட் போட்டால் கோளத்தின் ஆரம் சின்னதாகிவிடும்.

சிமுலேஷனோடு ஒத்துப்போகவில்லை

சிமுலேஷனில் எல்லா அணுக்களின் அசைவையும் கணக்கிட்டு, சோதனையில் ஹைட்ரஜனின் அசைவை மட்டும் அளந்து ஒப்பிட்டால் ஒத்துப்போகாது. சிமுலேஷன் பாதையிலிருந்து பரிமாறாத ஹைட்ரஜன்களை மட்டும் பொறுக்கி, அதே க்யூக்களில் சிதறலைக் கணக்கிட்டு, கருவியின் பகுதிறனால் மங்கலாக்கி, அப்புறம் ஒப்பிடுங்கள்.

இத்தனையும் பார்த்தாயிற்று, இன்னும் சரியாகவில்லை

நீரேற்றம் எவ்வளவு என்றோ, பரிமாற்றம் முழுமையா என்றோ தெரியாத தரவை எந்த மாடலாலும் மீட்க முடியாது. அதில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைவிட மறுபடி அளப்பது மேல். புது விண்ணப்பத்தில் பழைய சாம்பிளின் கடத்தல் அளவு, செல்லின் முன் எடை, பின் எடை, பனிக்கட்டி பீக் தெரிந்த டிடெக்டர் படம் ஆகியவற்றை இணையுங்கள். ஏன் கெட்டது, இந்தத் தடவை எப்படித் தயாரிப்பீர்கள் என்பதை அரைப் பக்கத்தில் எழுதுங்கள். கருவிப் பொறுப்பாளரிடம் முன்னதாகவே பேசி, சாம்பிள் ஏற்றியதும் கடத்தலைப் பார்க்கவும், 10 கெல்வினில் சின்ன ஓட்டம் ஒன்று எடுக்கவும் நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். கடத்தல் இடித்தால் அங்கேயே செல்லை இறக்கி மாற்ற, அடைத்த இரண்டாவது செல் ஒன்று கையில் இருக்கட்டும்.